படலையில் கட்டிய வேப்பங்குழை

அந்த வருஷம் ஒரு சளிக்காய்ச்சல் உலகத்தைச் சுற்றிக்கொண்டு வந்தது. கப்பலில் வருகிறது என்றார்கள், காற்றில் வருகிறது என்றார்கள். யாழ்ப்பாணத்தில் நான் விடுதியில் நின்று படித்த பள்ளிக்கூடத்தில் ஒரே கிழமையில் பாதிக் கட்டில்கள் முனகத் தொடங்கின. மிச்சம் இருந்தவர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். எனக்குப் பதினேழு வயது. காய்ச்சல் இல்லை. ட்றங்குப் பெட்டிக்குள் உடற்றொழில் புத்தகம் ஒன்று, ஒரு தெர்மாமீற்றர், தலைக்குள் ஊருக்குச் சொல்லிக் கொடுக்கவேண்டிய ஆயிரம் விஷயம். இவ்வளவோடும் நெடுந்தீவுத் துறையில் குதித்து இறங்கினேன். குதித்துத்தான். வள்ளத்தைக் கட்டி முடிக்கும்வரை பொறுத்திருக்க அந்த நாளில் எனக்கு ஏலாது.

வீட்டில் அம்மாவும் அக்காவும். ஐயாவும் அத்தானும் தெற்கே ஒரு ஊரில் கடை வைத்திருந்தார்கள். காய்ச்சல் காலத்தில் ரயிலேறி வரவேண்டாம் என்று அம்மா முதலே கடிதம் போட்டுவிட்டா. அக்காவுக்கு ஏழு மாதம், முதல் பிள்ளை. எங்கள் மேற்குப் பக்க வளவில் கடற்றொழில் செய்கிற கத்தோலிக்க வேதக்காரக் குடும்பம் ஒன்று இருந்தது. குடும்பம் என்றால் இரண்டே பேர். அந்த அண்ணைக்குத் தாய் சகோதரம் இல்லை. எழுவைதீவில் இருந்து அவர் கட்டிக்கொண்டு வந்த பெண்ணுக்கு எட்டு மாதம், அவவுக்கும் அது முதல் பிள்ளைதான். நான் அவவை மேற்கு வளவு அக்கா என்று சொல்லுவேன். இங்கேயும் அப்படியே எழுதுகிறேன்.

இரண்டு வளவுக்கும் நடுவில் கல்வேலி. சாந்து பூசாமல் கடற்கல்லை அடுக்கிக் கட்டுகிற எங்கள் ஊர் வேலி. அதில் ஒரு ஆள் பக்கவாட்டில் நுழைகிற அளவு இடைவெளி ஒன்று இருந்தது, பொட்டு என்று சொல்லுவோம். வயிறு பெருத்த பிறகு இரண்டு பேரும் அதற்குள் நுழைகிற சீரைப் பார்த்து அம்மா தலையில் அடித்துக்கொள்ளுவா. "ரெண்டு பேரும் ஒருநாளைக்கு அதுக்குள்ளை இறுகிப்போய் நிக்கப் போறியள், நான்தான் அலவாங்கு கொண்டு வந்து கல்லைக் கிளப்பவேணும்."

இரண்டு பேரும் கல்லுப்போல இருந்தார்கள். அக்கா ஏழு மாதத்திலும் மாட்டுக்கு நாற்பது வாளி தண்ணி அள்ளிவிடுவா. மேற்கு வளவு அக்கா தலையில் மீன்கடகத்தோடு துறையிலிருந்து நடந்து வருவா. தலையிடி என்று ஒரு நாள் படுத்ததில்லை. பின்னேரத்தில் எங்கள் குசினி வாசலில் இருந்துகொண்டு வயிற்றை வைத்துப் பகிடி விடுவார்கள்.

"உன்ரை பொடியன், முன்னுக்குத் தள்ளிக்கொண்டு வாறான் பார்."

"உன்ரை பெட்டை. இடுப்பைச் சுத்திச் சீலை உடுத்துக்கொண்டெல்லே இருக்கிறாள்."

தங்களுக்குள் ஒரு ஏற்பாடும் செய்து வைத்திருந்தார்கள். மேற்கு வளவு அக்காவின் தாய் எழுவைதீவில், கடல் இடைஞ்சல் செய்தால் வந்து சேரமாட்டா. மருத்துவிச்சி அம்மா சைக்கிளில் தீவு முழுக்க ஓடுகிறவ, வரச் சுணங்கலாம். அதனால் நோக் கண்டவுடன் ஒருத்தி மற்றவளிடம் போகவேணும், முடியும்வரை கையை விடக்கூடாது. "ஆம்பிளையள் நிண்டு என்ன செய்யப் போயினம்? கத்தேக்குள்ளை கையைப் பிடிக்க ஒரு பொம்பிளை வேணும்" என்று மேற்கு வளவு அக்கா சொல்லுவா. அக்கா தன் வளையல் கையை நீட்டிக் காட்டுவா. "இதை உடைச்சிடாதை, புதுசு."

நான் வந்து இறங்கினது இந்தச் சிரிப்புக்கு நடுவில்.

பேப்பர் இரண்டு நாள் பிந்தித் தபால் வள்ளத்தில் வரும். அதைத் துறையிலேயே வாங்கி நடந்து நடந்து வாசித்து, வீட்டுக்கு வந்து மறுபடி உரத்து வாசிப்பேன். அக்கா ஐந்தாம் வகுப்போடு நின்றவ. மேற்கு வளவு அக்காவுக்கு எழுத்துத் தெரியாது. இரண்டு பேரும் என் வாயைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. மெய்யைச் சொன்னால் நிரம்பப் பிடித்திருந்தது.

ஒருநாள் உள்பக்கத்தில் ஒரு சின்னச் செய்தி. பிற தேசங்களில் இந்தக் காய்ச்சல் கர்ப்பிணிகளைச் சற்றுக் கூடுதலாக வருத்துகிறது என்று சில வைத்தியர்கள் நினைக்கிறார்களாம். நாலு வரி. அதை நான் நாலு வரியாக வாசிக்கவில்லை. குரலைத் தாழ்த்தி, நிறுத்தி நிறுத்தி, "வயித்துக்குள்ளை இருக்கிற பிள்ளைக்கும் பிடிக்குமாம்" என்று ஒரு வரியைச் சேர்த்தும் வாசித்தேன். அந்த வரி பேப்பரில் இல்லை. அப்படித்தான் இருக்கவேண்டும் என்று என் மூளை சொன்னது, வாய் வாசித்துவிட்டது.

"மெய்யே தங்கச்சி?" என்று மேற்கு வளவு அக்கா கேட்டா. "ஒருக்கால் திரும்ப வாசியுமன்."

திரும்பவும் வாசித்தேன். சேர்த்த வரியையும் சேர்த்து.

அன்றைக்குப் பின்னேரம் வயிற்றைப் பற்றிப் பகிடி இல்லை.

அடுத்த நாள் தெர்மாமீற்றரை வெளியே எடுத்தேன். பயப்படத் தேவையில்லை, விஞ்ஞானமுறைப்படி கவனித்துக்கொண்டால் சரி என்று ஒரு சின்னப் பிரசங்கமும் வைத்தேன். விடியவும் பின்னேரமும் இரண்டு பேரின் நாக்குக்குக் கீழும் வைத்துப் பார்த்து ஒரு கொப்பியில் எழுதினேன். விடிய தொண்ணூற்றெட்டு. பின்னேரம் தொண்ணூற்றொன்பதுக்குக் கிட்ட. "கொஞ்சம் கூடத்தான் கிடக்குது" என்று நெற்றியைச் சுருக்கிச் சொன்னேன். பின்னேரத்தில் எந்த மனுஷருக்கும் உடம்புச் சூடு கொஞ்சம் ஏறும், வெயிலில் நடந்து வந்தால் இன்னும் ஏறும் என்பது என் புத்தகத்திலேயே இருந்தது. நான் நிறுத்தின இடத்திலிருந்து இரண்டு பக்கம் தள்ளி. அந்தப் பக்கத்துக்கு நான் வந்தபோது எல்லாம் முடிந்துவிட்டது.

ஒரு கிழமைக்குள் இரண்டு பேரும் வேறு ஆட்களாகிப் போனார்கள். மேற்கு வளவு அக்கா நாளுக்கு ஐந்து தரம் பொட்டுக்குள்ளால் வருவா. "தங்கச்சி, நெத்தி கொதிக்குதுபோலை கிடக்கு, ஒருக்கால் வைச்சுப் பாரும்." வைத்துப் பார்த்து ஒன்றுமில்லை என்றால், "வடிவாப் பாத்தனீரோ?" என்பா. அக்கா தலை முழுகுவதை நிறுத்தினா. கிணற்றடியில் ஆராவது தும்மினால் வாளியைப் போட்டுவிட்டு வந்துவிடுவா. சாப்பாட்டுக்கு நடுவில் கையை வயிற்றில் வைத்துக்கொண்டு அசையாமல் இருப்பா.

"என்னடி?" என்று அம்மா கேட்பா.

"விடிஞ்சதிலை இருந்து நாலுதரந்தான் அசைஞ்சது."

"அது நித்திரை கொள்ளுதாக்கும். நீயும் கொள்ளன்."

"நேற்று இந்நேரம் ஏழு."

எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. அக்காவுக்கு எண்ணிப் பார்க்கிற பழக்கம் வந்துவிட்டது என்று.

கடைசியில் அம்மா பொறுக்கமாட்டாமல் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு நடந்தா. நானும் கொப்பியோடு போனேன். அங்கே வைத்தியம் பார்க்க ஒரு வயதான அப்போதிக்கரி இருந்தார். இரண்டு பேரையும் பார்த்தார், வயிற்றில் குழல் வைத்துக் கேட்டார், சிரித்தார்.

"உங்கள் ரெண்டு பேருக்கும் என்ன வருத்தமெண்டு ஆர் சொன்னது? இந்தத் தீவிலை உங்களைப்போலை சுகமான ஆக்கள் இல்லை. நல்லாச் சாப்பிடுங்கோ, நித்திரை கொள்ளுங்கோ, காய்ச்சல்காரர் இருக்கிற வீட்டுக்குப் போகாதேங்கோ. அவ்வளவுதான்."

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். அப்போதிக்கரியும் என்னையும் கொப்பியையும் பார்த்தார். "பிள்ளை டாக்குத்தருக்குப் படிக்கிறாவோ?" என்று கேட்டார். நான் முகம் சிவந்து வெளியே வந்தேன். திரும்பும் வழியில், "அவர் பழைய ஆள். புதுக் காய்ச்சலைப் பற்றி அவருக்கு என்ன தெரியும்" என்று சொன்னேன். அந்த மனுஷன் கொடுத்த தைரியத்தைப் பனங்கூடல் தாண்டுவதற்குள் நான் திருப்பி வாங்கிவிட்டேன்.

பிறகு காய்ச்சல் மெய்யாகவே தீவுக்கு வந்தது. துறைப் பக்கத்தில் நாலைந்து வீட்டில் படுத்தார்கள். ஆனால் எங்கள் ஊரில் ஆட்கள் வீட்டுக்கு வருவதை நிறுத்துவது லேசான காரியமில்லை. ஒரு பெண் மாசமாக இருக்கிறாள் என்றால் ஆளுக்கு ஒரு சருவச் சட்டியில் ஏதாவது செய்து கொண்டு வருவார்கள். வாசலில் நின்று கொடுத்துவிட்டுப் போகமாட்டார்கள். பக்கத்தில் இருந்து, கன்னத்தைத் தடவி, வாயில் ஊட்டிவிட்டுத்தான் போவார்கள். வரவேண்டாம் என்றால் கோபம். நான் ஒரு அறிவித்தல் எழுதி வாசல் படலையில் ஒட்டினேன். அதை வாசித்துப் பார்த்து, "பிள்ளையின்ரை எழுத்து நல்ல வடிவு" என்று சொல்லிக்கொண்டு உள்ளே வந்தார்கள்.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. இன்றைக்கும் அதை நினைத்தால் உடம்பு கூசும்.

எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டில் அம்மாள் வருத்தம் வந்தால் படலையில் வேப்பங்குழை கட்டுவார்கள். அம்மை போட்டிருக்கிற வீட்டுக்குள் ஒருத்தரும் வரமாட்டார்கள். சைவக்காரரும் வரமாட்டார்கள், வேதக்காரரும் வரமாட்டார்கள். பெயர் சொல்லிக் கூப்பிடமாட்டார்கள், சத்தம் போட்டுக் கதைக்கமாட்டார்கள். நான் எழுதின அறிவித்தலை மதிக்காத ஊர் ஒரு கொப்பு வேப்பங்குழையை மதிக்கும். அப்படியென்றால் குழையைக் கட்டினால் என்ன?

அம்மா முதலில் வாயைப் பிளந்தா. "அம்மாள் இல்லாத வீட்டுக்குக் குழை கட்டுறதோ? விசரோடி உனக்கு? குற்றமெல்லே."

"வேப்பிலை கிருமியைக் கொல்லும் அம்மா. அதுதான் உண்மையான காரணம். நாங்கள் அதைக் கிருமிக்குத்தான் கட்டுறம்."

"ஊருக்கு என்னெண்டு தெரியும் நீ கிருமிக்குக் கட்டினதெண்டு?"

"தெரியாமல் இருக்கத்தானே கட்டுறது!"

அக்கா வயிற்றில் கையோடு இருந்தா. "கட்டட்டும் அம்மா" என்று சொன்னா. "கொஞ்ச நாளைக்குத்தானே." பிறகு என்னைப் பார்த்து, "மேற்கு வளவிலை அவளுக்கு மட்டும் சொல்லிப்போடு. அவள் பயந்துபோவாள்" என்றா.

"சொல்லுறன்" என்றேன்.

படலையில் இரண்டு கொப்புக் கட்டினேன். கல்வேலிப் பொட்டிலும் ஒரு கொப்புச் செருகினேன், ஏனென்றால் மேற்கு வளவு அண்ணை மீன் கொண்டு ஊர்காவற்துறைக்குப் போய்வருகிறவர், காய்ச்சலைக் கொண்டுவந்தாலும் கொண்டுவருவார். செருகும்போது மேற்கு வளவு அக்கா அங்கே இல்லை, கோயிலுக்குப் போயிருந்தா. பிறகு சொல்லலாம் என்று வந்தேன். வந்து யோசித்தேன். அவவுக்குச் சொன்னால் அண்ணைக்குத் தெரியும். அண்ணைக்குத் தெரிந்தால் துறைக்குத் தெரியும். துறைக்குத் தெரிந்தால் குழை வெறும் குழைதான். முழுத் திட்டமும் கெட்டுப்போகும்.

மத்தியானம் அக்கா கேட்டா. "சொன்னனியே?"

"ஓம், சொன்னனான்."

"என்னவாம்?"

"சரியாம். தானும் கவனமா இருக்கிறாவாம்."

இவ்வளவுதான் நான் சொன்ன பொய். சொல்லும்போது கொப்பியில் ஏதோ கோடு அடித்துக்கொண்டிருந்தேன்.

குழை நன்றாக வேலை செய்தது. ஒருத்தரும் வரவில்லை. மீன்காரர் படலையைக் கண்டதும் குரலை அடக்கிக்கொண்டு போனார். வழியில் போகிறவர்கள் தலையிலிருந்த துவாயை இறக்கிக் கையில் பிடித்துக்கொண்டு போனார்கள். நான் பேப்பரை வாங்கத் துறைக்குப் போகமுடியாமல் போனது ஒன்றுதான் எனக்குக் குறை.

இரண்டாம் நாள் விடிய கல்வேலியின் மேல் இரண்டு இளநீர் இருந்தது. மூன்றாம் நாளும் இரண்டு. எங்கள் தீவில் தென்னை அருமை. வள்ளத்தில் வந்த இளநீர் அது. அக்கா அதைக் கையில் எடுத்துப் பார்த்தா. "சூட்டுக்கு நல்லதெண்டு வைச்சிருக்கிறாள்" என்று சொல்லிக் குடித்தா. ஆனால் முகம் வாடியிருந்தது. "ஒரு சொல்லுக் கதைக்காமல் வைச்சிட்டுப் போறாளே. கல்லுக்கு அங்காலை நிண்டு கதைச்சால் காய்ச்சல் பாய்ஞ்சு வருமே? நீ என்னத்தைச் சொல்லி அவளைப் பயப்பிடுத்தினனி?"

"அவ கவனமா இருக்கிறா, விடுங்கோவன்."

ஐந்தாம் ஆறாம் நாளில் இன்னொன்றையும் கவனித்தேன். மேற்கு வளவிலிருந்து மீன் பொரிக்கிற வாசம் வரவில்லை. தாளிக்கிற வாசமும் இல்லை. "அவைக்கு மீன் படேல்லைப்போலை" என்று சொன்னேன். அம்மா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தா. அம்மை போட்டவருக்குத் தாளிக்கிற மணம் ஆகாது, அயல் வீட்டுக்காரரும் அந்த நாட்களில் எண்ணெய்ச் சட்டி வைக்கமாட்டார்கள். அது அம்மாவுக்குத் தெரியும். எனக்கும் தெரிந்திருக்க வேண்டும். "எடி, மெய்யா அவளுக்குச் சொன்னனியோ?" என்று அம்மா கேட்டா. "ஓம் எண்டு எத்தினைதரம் சொல்லுறது!" என்று எரிந்து விழுந்தேன்.

ஒன்பதாம் நாள் மத்தியானத்துக்குப் பிறகு படலையில் சைக்கிள் மணி கேட்டது. அப்போதிக்கரி. குழையை விலக்கிக்கொண்டு நேரே உள்ளே வந்தார். முற்றத்தில் அக்கா பனங்கிழங்கு ஒடியல் காயப்போட்டுக்கொண்டிருந்தா.

"ஆருக்கு அம்மாள்?" என்று கேட்டார்.

அம்மா சீலைத் தலைப்பில் கையைத் துடைத்தா.

"இந்த வீட்டிலை ஒரு பிள்ளைத்தாச்சி அம்மாளோடை ஒன்பது நாளாக் கிடக்கிறாளெண்டு கேள்விப்பட்டு, கைவேலையைப் போட்டுட்டு வாறன். ஆர் அது?"

"ஆர் ஐயா சொன்னது?" என்று அம்மா கேட்டா.

"உங்கடை மேற்கு வளவுக்காரிதான். இண்டைக்குக் காலமை பத்து மணிபோலை அந்தப் பிள்ளைக்கு நோக் கண்டிருக்கு. புருஷன் கடலிலை. மருத்துவிச்சி காய்ச்சலோடை படுத்திருக்கிறா. தன்னந்தனிய ஆஸ்பத்திரிக்கு நடந்திருக்கிறாள். ரெண்டு மைல். வந்து சேர முடியேல்லை. வெளியிலை, மாடு மேயிற இடத்திலை, சாணி பொறுக்க வந்த ஒரு மனுசிதான் பிள்ளையைப் பிடிச்சது. தாயையும் பிள்ளையையும் வண்டிலிலை ஏத்திக்கொண்டு வந்தவை. ரெண்டு பேரும் சுகம். கட்டிலிலை ஏத்தின உடனை அவள் கேட்டது தண்ணியில்லை. 'ஐயா, எனக்குப் பக்கத்து வளவிலை ஒருத்தி அம்மாளோடை கிடக்கிறாள், எட்டாம் மாசம், அவளைப் போய்ப் பாருங்கோ' எண்டாள்."

அக்கா கையிலிருந்த ஒடியலைக் கீழே போட்டா. எழும்பி, சீலையை இழுத்துச் செருகிக்கொண்டு படலையால் வெளியே நடந்தா. நான் பின்னால் ஓடினேன். வெயில். பாதி வழிவரை அவ என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பிறகு நின்றா.

"சொன்னனானெண்டெல்லே சொன்னனி?"

  அக்கா என் முகத்தைப் பார்த்தா. அடிப்பா என்று நினைத்தேன். அடிக்கவில்லை. திரும்பி நடந்தா.

ஆஸ்பத்திரியில் மேற்கு வளவு அக்கா சுவர்ப் பக்கக் கட்டிலில் கிடந்தா. பக்கத்தில் சுற்றின துணிக்குள் பெண் பிள்ளை. அக்காவைக் கண்டதும் பாதி எழும்பினா. பயந்துபோனா. "ஏன் வந்தனி? இந்த உடம்போடை ஏன் வந்தனி?" என்று கேட்டு, கையை நீட்டி அக்காவின் கையைப் பிடித்து இழுத்து, மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை தடவிப் பார்த்தா. பிறகு முகத்தைத் தடவினா. ஒரு கொப்புளமும் இல்லை.

"மாதாவே" என்று சொல்லிக் கண்ணை மூடினா. உதடு சிரித்தது. அந்தச் சிரிப்பு முழுக்க நிற்கவில்லை. கண்ணைத் திறந்தபோது வேறு முகம்.

"அப்ப ஏன் குழை?"

நான் கதவடியில் நின்றேன். சொல்லவேண்டிய இடம் அதுதான். ஒரு வசனம் போதும்.

"நான்தான் கட்டச் சொன்னனான்" என்றா அக்கா. "காய்ச்சலுக்குப் பயந்து. ஆக்கள் வராமல் இருக்கட்டுமெண்டு."

"எனக்கும் சொல்லாமலோ?"

"ஓம்."

மேற்கு வளவு அக்கா கையை எடுத்துவிட்டா. அழவில்லை. பிள்ளையைப் பார்த்துக்கொண்டு மெதுவாகக் கதைத்தா. "நோக் கண்ட உடனை நான் பொட்டடிக்கு வந்தனான். குழையைப் பிடிச்சுக்கொண்டு நிண்டனான். உன்னைக் கூப்பிட்டால் அம்மாள் கோவிச்சு உன்ரை பிள்ளைக்கு ஏதும் வந்திடுமெண்டு வாயைப் பொத்திக்கொண்டு போனனான். ஒன்பது நாள் எண்ணெய்ச் சட்டி வைக்கேல்லை. எழுவைதீவு மாதாவுக்கு உனக்காக நேந்திருக்கிறன்." பிள்ளையின் துணியை இழுத்துச் சரிசெய்தா. "உனக்கு ஒண்டுமில்லை எண்டு நான் சந்தோசப்படவேணும், என்ன?"

அக்கா ஏதோ சொல்ல வாயெடுத்தா. மேற்கு வளவு அக்கா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டா.

வீட்டுக்கு வந்து குழையை அம்மாதான் அவிழ்த்தா. ஊர் கொஞ்ச நாள் எங்களைப் பகிடி பண்ணியது. எந்த அம்மாள் வந்து தண்ணி வார்க்காமல் போனவ என்று துறையில் கேட்டார்கள். பகிடி பண்ணினவர்களோடு எனக்குக் கோபம் இல்லை. ஒரு கிழமை கழித்து அந்தக் காய்ச்சல் எங்கள் வீட்டுக்கும் வந்தது. எனக்குத்தான் வந்தது. மூன்று நாள். அக்கா எட்டு மாத வயிற்றோடு எனக்குக் கொத்தமல்லிக் குடிநீர் அவித்துத் தந்தா. ஒதுங்கி நிற்கச் சொன்னால் கேட்கவில்லை. அவவுக்கு ஒன்றும் வரவில்லை. அவ்வளவு பயந்து பயந்து எண்ணின பிள்ளை நேரத்துக்குப் பிறந்தது, பெண். மருத்துவிச்சி அம்மா எழும்பி நடமாடத் தொடங்கியிருந்தா, அவவும் அம்மாவும் கூட இருந்தார்கள். அக்கா கத்தும்போது அம்மா கையைக் கொடுத்தா. அக்கா அந்தக் கையைப் பிடிக்கவில்லை, கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டா.

அதற்குள் மேற்கு வளவு அக்காவைத் தாய் வந்து எழுவைதீவுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டா. தன் பிள்ளை பிறந்து நாற்பது நாள் வரைக்கும் அவ அடுத்த வளவில்தான் இருந்தா. நான் தினமும் போகத்தான் நினைத்தேன். போய் என்ன சொல்லுவது என்று வசனங்கள் அமைத்துப் பார்ப்பேன். ஒவ்வொரு வசனமும் என்னைக் கொஞ்சம் காப்பாற்றிக்கொண்டே வந்தது. பிறகு பள்ளிக்கூடம் திறந்தது. நான் சந்தோசமாக வள்ளம் ஏறிப் போனேன். அதையும் எழுதத்தான் வேண்டும், சந்தோசமாகத்தான் போனேன். சில மாதத்தில் அந்த அண்ணையும் வலையைக் கட்டிக்கொண்டு எழுவைதீவுக்கே போய்விட்டார் என்று அம்மா எழுதினா.

எட்டு வருஷத்துக்குப் பிறகு, நான் ரீச்சராகி ஊர்காவற்துறையில் படிப்பிக்கிற காலத்தில், ஒரு சனிக்கிழமை காலை துறைமுகத்தில் அவவைக் கண்டேன். எழுவைதீவு வள்ளத்துக்குக் காத்துக்கொண்டு கருவாட்டுக் கடகத்தோடு நின்றா. அவதான் முதலில் சிரித்தா. "தங்கச்சி எல்லே? ரீச்சர் ஆகிட்டீராம், கேள்விப்பட்டனான்."

வள்ளம் வெளிக்கிடப் போகிறது என்று பயம். நான் ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். குழையைக் கட்டினது நான். சொன்னேன் என்று அக்காவுக்குப் பொய் சொன்னது நான். பேப்பரில் இல்லாததை வாசித்ததும் நான்.

அவ கடகத்தின் சுருக்கை இறுக்கிக்கொண்டே சொன்னா. "பேப்பர்க் கதை எனக்குத் தெரியாது. மற்றது அண்டைக்கே தெரியும்."

"எப்பிடி?"

"உம்மடை அக்காவுக்குப் பொய் சொல்ல வராது. சொல்லேக்குள்ளை என்ரை முகத்தைப் பாக்கேல்லை. நீர் கதவடியிலை நிண்டு நிலத்தைப் பாத்துக்கொண்டு நிண்டனீர்."

"பிறகேன் அக்காவோடை கதைக்காமல் விட்டனீங்கள்?"

"நீர் வந்து சொல்லுவீரெண்டு நாப்பது நாள் பாத்தனான், தங்கச்சி. நீர் சொல்லியிருந்தால் கோவம் உம்மோடை முடிஞ்சிருக்கும். சின்னப் பிள்ளை, ரெண்டு ஏச்சு ஏசிப்போட்டு விட்டிருப்பன். நீர் சொல்லாமல் நான் எப்பிடி அவளிட்டைப் போய், நீ சொன்னது பொய்யெண்டு சொல்லுறது? அவள் தங்கச்சியைக் காப்பாத்துறாள். அதைக் கெடுக்க எனக்கு மனம் வரேல்லை. அவளுக்கும் திருப்பிச் சொல்ல வாய் வரேல்லை. நாள் போயிட்டுது."

"இப்ப வாங்கோ அக்கா. விடுமுறைக்கு நான் போகேக்குள்ளை உங்களையும் கூட்டிக்கொண்டு போறன்."

"இப்ப வந்து என்னத்தைக் கதைக்கிறது?" என்று கேட்டா. கோபமாகக் கேட்கவில்லை. மெய்யாகவே தெரியாமல் கேட்டமாதிரி இருந்தது. வள்ளக்காரர் கூப்பிட்டார். கடகத்தைத் தலையில் வைக்க நான் கை கொடுத்தேன். "சுகமா இரும்" என்று சொல்லிக்கொண்டு ஏறினா.

அந்த விடுமுறைக்கு ஊருக்குப் போன அன்றே அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அக்கா உளுந்து கொழித்துக்கொண்டிருந்தா. நாற்பது நாள் என்ற இடத்தில் சுளகு நின்றது.

"ஆள் எப்பிடி? மெலிஞ்சுபோனாளோ?"

"கொஞ்சம்."

"அந்தப் பிள்ளை ஆரைப்போலை? பள்ளிக்கூடம் போறாளாமோ? அதுக்குப் பிறகு பிள்ளையள் இருக்கோ?"

நான் சுளகிலிருந்த உளுந்தில் கல் பொறுக்கத் தொடங்கினேன்.

"எடி, அதைக்கூடக் கேக்காமலே வந்தனி?" என்றா அக்கா.

கேட்கவில்லை. என்னுடையதைச் சொல்லி முடிக்கிற அவசரத்தில் நின்றேன்.